வெல்லம் போட்டாலும் கேக் கேக்தான்

வாசகர் கேள்வி – பதில்

கடையில் வாங்கித் தின்று பழகிய கேக், பிஸ்கட், பன் வகைகளை வீட்டிலேயே கெடுதல் குறைவாகச் செய்து பார்த்தவர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோற்றுப்போன கேக்கைப் பற்றியவை. நன்றாக வந்தவர்களுக்குக் கடிதம் எழுத நேரம் இருப்பதில்லை போலும். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்ததால், விவரமாக எழுதியவர்களின் கடிதங்களை மட்டும் சுருக்கி இங்கே தந்திருக்கிறேன்.

என் பிள்ளைகள் இருவருக்கும் சாக்லேட் கேக் என்றால் உயிர். மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் வேண்டாம் என்று முடிவு செய்து, அதே செய்முறையில் மைதாவுக்குப் பதிலாக முழுவதும் முளைகட்டிய கேழ்வரகு மாவையும், சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையையும் போட்டேன். மேலே வெடித்து, ஓரம் செங்கல்லாகவும் நடுவில் களியாகவும் வந்தது. அடுத்த முறை சமையல் சோடாவை இரு மடங்காக்கினேன். சோப்பு வாடை அடித்தது. எங்கே தவறு? — வாசகி, திண்டுக்கல்

தவறு ஒன்றல்ல, மூன்று. ஆனால் மூன்றும் எல்லாரும் செய்பவைதான், நானும் செய்திருக்கிறேன்.

கோதுமையில் உள்ள இரண்டு புரதங்கள் தண்ணீருடன் சேரும்போது குளூட்டன் என்னும் இழுவைத் தன்மை உண்டாகிறது. பரோட்டா மாவை இழுத்து வீச முடிவதும், கேக்குக்குள் உண்டாகும் காற்றுக் குமிழ்கள் வெந்து முடியும்வரை உடையாமல் நிற்பதும் அதனால்தான். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எதிலும் குளூட்டன் கிடையாது. எனவே கேழ்வரகு மாவு மட்டும் போட்ட கேக்கில் சோடாவால் எழும்பும் காற்று, தங்குவதற்கு இடமில்லாமல் மேற்புறத்தை வெடித்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. சோடாவை இரு மடங்காக்கினால் வெளியேறும் காற்றுதான் இரு மடங்காகும். அமிலத்துடன் சேர்ந்து தீராமல் மிஞ்சிய சோடா அப்படியே தங்கி, நீங்கள் சொல்லும் சோப்பு வாடையைத் தருகிறது. அரைக் கிண்ணம் புளித்த தயிர் கால் தேக்கரண்டி சோடாவுக்குத்தான் சரியாக இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

நடுவில் களியானதற்குக் காரணம் முளைகட்டிய மாவு. தானியம் முளைக்கும்போது அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. வெயிலில் உலர்த்தி அரைத்த பின்னும் அந்த நொதி மாவில் மிஞ்சியிருக்கும். முளைகட்டிய கேழ்வரகில் காய்ச்சிய குழந்தைக் கூழ், சாதாரண மாவுக் கூழைவிட நீர்த்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கூழுக்கு வரமாக இருக்கும் அந்தக் குணமே கேக்குக்குச் சாபமாகிவிடுகிறது. கேக்குக்குச் சாதாரணக் கேழ்வரகு மாவை வாங்கி, வாணலியில் பச்சை வாடை போகும்வரை லேசாக வறுத்து, ஆறவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

என் கையில் நான்கைந்து முறை தோற்று, பிறகு நிலைத்த அளவு இது. கோதுமை மாவு 100 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், சர்க்கரை சேராத கோகோ தூள் 20 கிராம். நாட்டுச் சர்க்கரை 120 கிராமை 60 மில்லி வெந்நீரில் கரைத்துக் கண்டிப்பாக வடிகட்ட வேண்டும். ஒருமுறை சோம்பலில் வடிகட்டாமல் விட்டு, விருந்துக்கு வந்தவரின் பல்லில் மணல் நறநறத்ததை நானே காதால் கேட்டேன். வடிகட்டிய கரைசல் நன்றாக ஆறிய பிறகு அரைக் கிண்ணம் புளித்த தயிர், ஐந்து மேசைக்கரண்டி கடலை எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றுடன் மாவுகளைச் சேர்த்து, இட்லி மாவுப் பதம் வரும்வரை பாலை மூன்று நான்கு மேசைக்கரண்டி ஊற்றிக் கலந்து, இருபது நிமிடம் மூடி வையுங்கள். தவிடு நீங்காத மாவு நீரை மெதுவாகத்தான் குடிக்கும். இந்த இருபது நிமிடத்தைக் கொடுக்காவிட்டால் வெந்த கேக் தொண்டையை அடைக்கும். மாவு ஊறிய பின்தான் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் கால் தேக்கரண்டி சோடாவையும் சலித்துப் போட்டு, நாலைந்து சுற்றுக் கலக்கி, ஏழு அங்குலத் தட்டில் ஊற்றி, முன்பே சூடாக்கிய அடுப்பில் 170 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வையுங்கள். கேழ்வரகின் அளவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்த்த விரும்பினால் ஒரு முட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளூட்டனின் வேலையில் ஒரு பகுதியை முட்டைப் புரதம் ஏற்றுக்கொள்ளும்.

மாமனாருக்கு நீரிழிவு. அவருக்காக உடன்குடிக் கருப்பட்டி வரவழைத்து, அதில்தான் கேக்கும் பிஸ்கட்டும் செய்கிறேன். கருப்பட்டிதானே என்று அவரும் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிடுகிறார். இது சரிதானே? — வாசகி, திருநெல்வேலி

அந்த இரண்டு துண்டு கூடுதல்தான் சரியில்லை. கருப்பட்டியின் மணத்துக்கு நான் அடிமை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகிய நான்கிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே சர்க்கரைதான். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் ஏறத்தாழ 400 கலோரி என்றால், வெல்லத்தில் ஏறத்தாழ 380. இரும்பும் தாதுக்களும் இருக்கின்றன என்பது மெய். ஆனால் ஒரு துண்டுக் கேக்கில் சேரும் 12 கிராம் கருப்பட்டியிலிருந்து கிடைக்கும் இரும்பைவிட ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை கூடுதலாகவே தந்துவிடும். இரத்தத்தில் ஏறும் சர்க்கரை நீங்கள் போட்டது வெள்ளையா கறுப்பா என்று பார்ப்பதில்லை.

உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழிகாட்டியது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இரண்டாவது அளவு 25 கிராம், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. இது உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கான கணக்கு. உங்கள் மாமனாருக்கான கணக்கை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கருப்பட்டியை விட வேண்டாம், அளவை விடுங்கள். கருப்பட்டிக்கு மணம் மிகுதி என்பதால், சர்க்கரை போடும் இடத்தில் அதன் முக்கால் பங்கு போட்டாலே நாக்கு ஏமாந்துவிடும். சுக்கும் ஏலமும் சேர்த்தால் இன்னும் சிறிது குறைக்கலாம். கேக்கை மாலையில் தேநீரோடு தனியாகத் தராமல், மதியச் சாப்பாட்டின் முடிவில், சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு சிறு துண்டாகக் கொடுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்; உங்கள் பேச்சையோ என் பேச்சையோ கேட்காத மாமனார் அந்த எண்ணின் பேச்சைக் கேட்பார்.

எங்கள் வீட்டில் பெருநாள், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் பட்டர் கேக் அடிப்போம். 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் கோதுமை மா, ஐந்து முட்டை. சீனியையும் பட்டரையும் எவ்வளவு குறைத்தால் கேக் கெடாது? தமிழ்நாட்டுச் செய்முறை ஒன்றைப் பார்த்து முழுக்கக் கோதுமை மாவில் செய்ய முயன்றேன். எனக்கு வழக்கமான கேக்தான் வந்தது, வேறுபாடே தெரியவில்லை. — வாசகி, யாழ்ப்பாணம்

கடைசிச் செய்தியை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனெனில் அது என்னைச் சிரிக்க வைத்தது. யாழ்ப்பாணத்தில் கோதுமை மா என்றால் தவிடு நீக்கிய வெள்ளை மா. இங்கே அதற்கு மைதா என்று பெயர். இங்கே கோதுமை மாவு என்று எழுதினால் சப்பாத்திக்கான பழுப்பு மாவு. உங்கள் கடையில் அதை ஆட்டா மா என்று கேட்க வேண்டும். நீங்கள் வெள்ளை மாவுக்குப் பதில் வெள்ளை மாவையே போட்டிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன கேழ்வரகும் உங்கள் ஊர்க் குரக்கன்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டர் கேக்கில் சீனி இனிப்புக்கு மட்டும் இருப்பதில்லை. பட்டரையும் சீனியையும் சேர்த்து வெளுக்கும்வரை அடிக்கும்போது, சீனியின் கூரான பரல்கள்தாம் பட்டருக்குள் சின்னஞ்சிறு காற்றறைகளைக் குடைகின்றன. பேக்கிங் பவுடர் அந்த அறைகளைப் பெரிதாக்குகிறதே தவிர, புதிதாக உண்டாக்குவதில்லை. அதே சீனிதான் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, மேற்புறத்தைச் சிவக்க வைக்கிறது, கேக்கை நாலு நாள் கெடாமலும் காக்கிறது. என் அனுபவத்தில் சீனியைக் கால் பங்கு குறைத்து 190 கிராம் ஆக்கினால் வேறுபாட்டைச் சொன்னால்தான் தெரியும். 150 கிராமுக்குக் கீழே போனால் கேக் அடர்ந்து, உங்கள் ஊர்ப் பாண் (இங்கே பிரெட்) போல ஆகிவிடுகிறது. பட்டரையும் 190 கிராமாக்கி, குறைந்த 60 கிராமுக்கு ஈடாகத் துணியில் கட்டி நீர் வடித்த தயிரை மாவோடு மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். மாவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்டா மா போடலாம். இப்படிச் செய்த கேக்கை இரண்டு நாளுக்குள் தின்றுவிட வேண்டும். சீனி குறைந்தால் பூஞ்சணம் விரைவில் வரும், நம் இரு கரைகளின் புழுக்கத்தில் இன்னும் விரைவாக.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் பழைய கேக் முழுவதும் ஏறத்தாழ 4000 கலோரி. இருபது துண்டாக வெட்டினால் துண்டுக்கு 200. இத்தனை பாடுபட்டுத் திருத்திய கேக் ஏறத்தாழ 3400 கலோரி. இருபது துண்டு என்றால் துண்டுக்கு 170. பழைய கேக்கையே ஒரு சொட்டும் மாற்றாமல் முப்பது துண்டாக வெட்டினால் துண்டுக்கு 133. ஆக, பெருநாளன்று அம்மம்மா அடித்தபடியே கேக்கை அடித்து, கத்தியை மட்டும் கொஞ்சம் நெருக்கிப் போடுங்கள். திருத்திய கேக்கைச் சாதாரண நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடை நெய் பிஸ்கட்டில் நெய்யே இருப்பதில்லை, வனஸ்பதிதான் என்கிறார்கள். வீட்டில் கடலை எண்ணெய் ஊற்றிச் செய்தேன். தட்டில் பரவி, அப்பளம் போல் ஆகி, எண்ணெய் கசிந்தது. தேங்காய் எண்ணெய் நல்லதா? — வாசகர், ஈரோடு

வனஸ்பதி என்பது திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி இறுகச் செய்த கொழுப்பு. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதய நோய்க்கு வழிவகுப்பதால், எண்ணெய் மற்றும் கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பொட்டலத்தில் வரும் பிஸ்கட்டின் அட்டையைப் படித்தால் என்ன கொழுப்பு என்று தெரிந்துவிடும். கண்ணாடிச் சாடியிலிருந்து எடுத்துத் தாளில் மடித்துத் தருவதற்கு அட்டை கிடையாது.

உங்கள் பிஸ்கட் பரவியதற்குக் காரணம் எண்ணெய் அறை வெப்பத்திலும் நீராக இருப்பதுதான். உறைந்த நெய் சர்க்கரையோடு குழைந்து காற்றைப் பிடிக்கும். அடுப்பில் மாவு இறுகத் தொடங்கும்வரை மெதுவாக உருகும். எண்ணெய்க்கு அந்தப் பொறுமை இல்லை. தேங்காய் எண்ணெய் குளிர்ந்தால் உறையும் என்பதால் பிஸ்கட் வடிவாக வரும். ஆனால் அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யிலிருந்து அதற்கு மாறுவதில் உடல்நலத்துக்கு லாபம் எதையும் நான் காணவில்லை. எந்தக் கொழுப்பானாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். ஆகவே நெய்யிலேயே செய்து, அளவைக் குறைத்து, பிஸ்கட்டைச் சிறிதாக்குவதே என் பரிந்துரை.

உறைந்த நெய் 65 கிராமையும் பொடித்த சர்க்கரை 55 கிராமையும் வெண்ணெய் போல வெளுக்கும்வரை கையால் குழையுங்கள்; ஐந்து நிமிடமாவது ஆகும். கோதுமை மாவு 100 கிராம், கடலை மாவு 30 கிராம், ஒரு சிட்டிகை சோடா, உப்பு, ஏலப்பொடி ஆகியவற்றைச் சலித்துச் சேர்த்து, பிசையாமல் விரல் நுனியால் ஒன்றுகூட்டுங்கள். உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி பால் போதும். பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டி, லேசாக அழுத்தி, அரை மணி குளிர்பெட்டியில் வைத்துவிட்டு 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். விளிம்பில் கீறல் விழுந்து நெய் மணம் கூடத்துக்கு வரும்போது எடுத்துவிட வேண்டும். சூட்டில் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று பயந்து மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள், ஆறினால் இறுகும். பதினாறு பிஸ்கட் வரும். ஒன்றில் மூன்றரை கிராம் சர்க்கரையும் ஏறத்தாழ 80 கலோரியும் இருக்கும். சாடி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் ஒன்று நாலாகும், அதற்கு என்னிடம் செய்முறை இல்லை.

தூத்துக்குடி மக்ரூனில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்ய வழி உண்டா? — வாசகர், சென்னை

இல்லை. மக்ரூன் என்பது முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றே பொருள். வெள்ளைக்கருவை அடிக்கும்போது எழும் நுரை, அதிலுள்ள நீரில் சர்க்கரை கரைந்து பாகு போலக் கெட்டியாவதால்தான் அமுங்காமல் நிற்கிறது. பாதிச் சர்க்கரையில் செய்தால் நுரை உடைந்து, தட்டில் நீர் விட்டு, ஆம்லெட்டுக்கும் முந்திரிக் கூழுக்கும் இடைப்பட்ட ஒன்று கிடைக்கும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சில பண்டங்களைத் திருத்தலாம், சிலவற்றைத் திருத்தினால் அவை வேறு பண்டமாகிவிடும். மக்ரூன் இரண்டாவது வகை. தூத்துக்குடிக்குப் போகும்போது நூறு கிராம் வாங்கி, நாலு பேர் பகிர்ந்து, வாயில் கரையவிட்டுச் சாப்பிடுங்கள். கூம்பு முனையைத் தனியாகக் கடித்துவிட்டு அடிப்பாகத்தை அப்புறம் தின்பவர்கள் ஒன்றையே இரண்டாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மின் அடுப்பு இல்லை. குக்கரில் மணல் போட்டுச் செய்யலாமா? — வாசகி, கும்பகோணம்

செய்யலாம், ஆனால் நல்ல குக்கரில் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம் காய்ந்தால் குக்கரின் அடி வளைந்துவிடும். என்னிடம் அப்படி ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அடிகனமான பழைய இட்லிப் பானையோ இரும்புச் சட்டியோ போதும். அடியில் ஒரு அங்குலத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் காயவைத்த பிறகு கேக் தட்டை இறக்கி, தீயைச் சிறிதாக்கி 45 நிமிடம் வையுங்கள். குக்கரைத்தான் பயன்படுத்துவேன் என்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். இதில் மறதிக்கு இடமில்லை. மேற்புறம் சிவக்காது, அதனால் குற்றமும் இல்லை.

பேரனுக்குப் பதினோரு மாதம். முதல் பிறந்தநாளுக்குச் சர்க்கரை போடாமல் தேன் ஊற்றிக் கேக் செய்யப் போகிறேன். இப்போதே சிறிது செய்து கொடுத்துப் பழக்கலாமா? — வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. தேனில் சில வேளைகளில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள், குழந்தையின் முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்யும் பாட்டுலிசம் என்னும் ஆபத்தான நோயைத் தரலாம். அடுப்பில் வேகும் கேக்கின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்த வித்துகள் அந்தச் சூட்டிலும் பிழைத்திருக்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவும் வழக்கத்தையும் மருத்துவர்கள் தடுப்பது இதனால்தான்.

பிறந்தநாளுக்கு இரண்டு கேக் செய்யுங்கள். பேரனுக்கு, நன்கு கனிந்த நேந்திரம்பழம் ஒன்றை மசித்து, ஒரு முட்டை, நான்கு மேசைக்கரண்டி கோதுமை மாவு, ஒரு தேக்கரண்டி நெய், கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்து, இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்தால் போதும். முட்டையும் கோதுமையும் அவன் முன்பே சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். இரண்டு வயதுவரை சர்க்கரையின் சுவையே அவனுக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது. தெரியாத ஒன்றுக்காக அவன் அழப் போவதில்லை. வந்தவர்களுக்கு வழக்கமான கேக். நம் ஊர்க் கடைகளில் விற்கும் தேன் கேக் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறி, மேலே ஜாமும் தேங்காய்த் துருவலும் ஏந்தி வருவது. அதைத் தேன் என்று நம்பி வாங்கவும் வேண்டாம்.

சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரைகளைப் பொடித்துப் போட்டால் என்ன? பேரீச்சம்பழம் போட்டால் சர்க்கரை சேர்க்காத கேக் என்று சொல்லலாமா? — வாசகர், திருச்சி

ஆஸ்பர்டேம் வகை மாத்திரை அடுப்புச் சூட்டில் இனிப்பை இழந்துவிடும். ஸ்டீவியா, சுக்ரலோஸ் வகைகள் சூட்டைத் தாங்கும். ஆனால் 200 கிராம் சர்க்கரை இருந்த இடத்தில் ஒரு கரண்டிப் பொடி வந்தால், அந்த இடம் காலிதான். கேக் சப்பையாக, வெளிறி, விரைவில் உலர்ந்துபோகும். உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு உரியதல்ல, அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். நார்ச்சத்தும் கூடவே வருகிறது என்பது அதன் நல்ல பக்கம். 'சர்க்கரை சேர்க்காத' என்று சொல்லிக்கொள்ளலாம், 'சர்க்கரை இல்லாத' என்று சொல்லக் கூடாது.

பள்ளி விட்டு வரும் மகனுக்குத் தினமும் பேக்கரி பப்ஸ் வேண்டும். வீட்டில் கோதுமையில் பப்ஸ் செய்ய முயன்றேன், அடுக்கே வரவில்லை. மாற்று ஏதும் உண்டா? — வாசகி, மதுரை

பப்ஸின் அடுக்குகள் என்பவை மாவுக்கும் கொழுப்புக்கும் இடையிலான அடுக்குகள். கொழுப்பைக் குறைத்தால் அடுக்கு போகும். தவிடுள்ள மாவில் மெல்லிய தாளாகத் தேய்ப்பதற்குள் கிழியும். அடுக்குகளை மறந்துவிடுங்கள். பப்ஸில் உங்கள் மகனை இழுப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மசாலாதான் என்பது என் ஊகம். அந்த மசாலாவை ஒரு பன்னுக்குள் வைத்துப் பாருங்கள்.

கோதுமை மாவு 150 கிராம், மைதா 100 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, வெதுவெதுப்பான பாலும் நீரும் சேர்ந்து ஏறத்தாழ 170 மில்லி. சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, கையில் லேசாக ஒட்டும் பதத்தில் பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சேர்த்து, ஈரத்துணி மூடி வையுங்கள். ஒட்டுகிறதே என்று மேலும் மாவைத் தூவினால் பன் கல்லாகும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மதுரை வெயிலுக்கு 45 நிமிடத்தில் இரு மடங்காகிவிடும், மார்கழியில் ஒன்றேகால் மணி ஆகலாம். எட்டு உருண்டைகளாக்கி, உருளைக்கிழங்கைப் பாதியாகக் குறைத்து முட்டைக்கோஸ், காரட், பட்டாணி கூடுதலாகச் சேர்த்து வதக்கிய மசாலாவையோ, வேகவைத்த முட்டையில் பாதியோடு மசாலாவையோ வைத்து மூடி, இன்னும் அரை மணி உப்பவிட்டு, மேலே பால் தடவி 190 டிகிரியில் 18 நிமிடம் வேகவிடுங்கள். மசாலா நன்கு ஆறியிருக்க வேண்டும், ஈரமும் வற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிப்பக்கம் பிளந்துகொள்ளும்.

முதல் வாரம் மைதாவையும் கோதுமையையும் சரிபாதியாகப் போட்டுத் தொடங்கி, மாதம் ஒரு பிடியாகக் கோதுமையைக் கூட்டுங்கள். மகனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை எட்டு பன் சுட்டு, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்துவிட்டால், அவன் காலணியைக் கழற்றிக் கை கழுவி வருவதற்குள் மூடிய தோசைக்கல்லில் சிறு தீயில் ஒன்றைச் சூடாக்கிவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் பேக்கரி பப்ஸ் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.